எந்த மிகுபுனைவை, எந்த அறிவியல் புனைவை வாசிப்பது? சிங்கப்பூர்த் தமிழ் வாசகருக்கான முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் மிகுபுனைவு (ஃபேண்டஸி) நாவலோ அறிவியல் புனைவு நாவலோ கிடைக்கவில்லை என்று யாரும் குறைப்பட்டுக்கொள்ள முடியாது. தேசிய நூலக வாரியத்தின் கிளைகளில் அவை அடுக்கடுக்காக நிற்கின்றன. லிப்பி செயலியில் மின்னூலாகவும் ஒலிநூலாகவும் இரவலுக்குக் கிடைக்கின்றன. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸின் பழைய புத்தகக் கடைகளில் சில வெள்ளிக்கு வாங்கவும் முடியும். பணம் பெரிய செலவாக இல்லாத இடத்தில் நேரம்தான் உண்மையான செலவு. வேலைக்குப் போய்வரும் ரயில் பயணத்தையும் இரவில் கிடைக்கும் அரைமணி நேரத்தையும் மட்டுமே நம்பியிருக்கும் ஒருவருக்கு 700 பக்க நாவல் ஒரு மாதத்தைத் தின்றுவிடும். நூலகம் தரும் தவணையோ 21 நாள். அந்த ஒரு மாதத்தை எந்த நூலுக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க உதவுவதே இவ்வழிகாட்டியின் நோக்கம்.

படி 1: அளவுகோலை முதலில் வகுத்துக்கொள்ளுங்கள்

இந்த வகை நூல்களைக் கற்பனையின் பிரம்மாண்டத்தை வைத்து மதிப்பிடுவது பரவலான வழக்கம். எத்தனை கோள்கள், எத்தனை குலங்கள், எவ்வளவு பெரிய போர் என்று பட்டியலிட்டுப் புகழ்வதை அடிக்கடி காண்கிறோம். நான் நம்பும் அளவுகோல் வேறு. ஆசிரியர் உலகத்தில் ஏதோ ஒன்றை மாற்றுகிறார். அந்த மாற்றம் அங்கே வாழும் மனிதரின் உணவில், உறவில், சட்டத்தில், சாவில், அன்றாடப் பேச்சில் என்ன செய்யும் என்பதை அவர் எவ்வளவு தூரம் விடாமல் தொடர்ந்து சென்றார் என்பதே கேள்வி.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு நம் மணிமேகலையிலேயே இருக்கிறது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் ஒன்றை மதுரையில் சிந்தாதேவி ஆபுத்திரனுக்குத் தருகிறாள். சாதாரணக் கதைசொல்லி இந்த அற்புதத்தோடு நின்றிருப்பார். சாத்தனாரோ அடுத்த கேள்வியைக் கேட்கிறார்: பசித்தவரே இல்லாவிட்டால் அந்தப் பாத்திரம் என்ன ஆகும்? இந்திரன் நாட்டில் மழையைப் பெய்விக்கிறான், வளம் பெருகுகிறது, உண்ண வருவோர் இல்லாமல் போகிறார்கள், கொடுப்பதற்கென்றே வாழ்ந்தவன் வேலையற்றவன் ஆகிறான். பசி மிகுந்த சாவக நாட்டுக்குக் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஊட்டுவதற்கு ஒருவரும் இல்லாத தீவில், தனக்கு மட்டும் சோறிட்டுக்கொள்ள மனமின்றி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறக்கிறான். ஒரே ஒரு மாயப் பொருள். அதிலிருந்து பொருளியல், அறம், தனிமை, மரணம் என ஒவ்வொன்றும் தானாக விளைகிறது. கையில் எடுக்கும் எந்த நாவலும் தன் அற்புதத்தை இவ்வளவு தூரம் சிந்தித்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் வெளியிட்ட 'டூன்' நாவலில் இதே தரத்தைக் காணலாம். தண்ணீரே அரிதான பாலைக்கோளில் அந்த மண்ணின் தலைவன் ஒருவன், புதிதாக ஆள வந்த பிரபுவின் முன்னே மேசையில் எச்சில் உமிழ்கிறான். காவலர்கள் அவமானம் என்று எண்ணிச் சீறுகிறார்கள். உடலின் ஈரத்தையே காணிக்கையாகத் தருவது அங்கே உயர்ந்த மரியாதை என்பது அடுத்த கணத்தில் வெளிப்படுகிறது. வறட்சியைப் பற்றிப் பத்துப் பக்கம் விளக்கியிருந்தாலும் இந்த ஒரு செய்கை சொல்வதைச் சொல்லியிருக்க முடியாது. ஜொகூரிலிருந்து வரும் நீரையும் நியூவாட்டரையும் தேசிய அக்கறையாகக் கற்று வளர்ந்த சிங்கப்பூர் வாசகருக்கு இந்தக் காட்சி மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே புரியும் என்று நினைக்கிறேன்.

அர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவலில் மாற்றம் உடலில் நிகழ்கிறது. கெத்தன் என்னும் பனிக்கோளின் மக்களுக்கு நிலையான ஆண், பெண் பால் கிடையாது. மாதத்தில் சில நாள் மட்டுமே பால்தன்மை தோன்றும், அப்போது யாரும் எதுவாகவும் ஆகலாம். ஆகவே யாரும் கருவுறலாம், அரசரும்கூட. இந்த ஒரு மாற்றம் அந்த மக்களின் அரசியல், மானம், நட்பு, குடும்பம் வரை போய்ச் சேருவதை நாவல் பொறுமையாகக் காட்டுகிறது.

படி 2: உங்களுக்குரிய நுழைவாயிலைக் கண்டுகொள்ளுங்கள்

நல்ல நாவல் எல்லாருக்கும் நல்ல நாவலாக அமைவதில்லை. ஆய்வாளர் ஃபரா மெண்டல்சன் 2008இல் வெளியான தம் நூலில், அற்புதம் கதைக்குள் எவ்வாறு நுழைகிறது என்பதை வைத்து மிகுபுனைவை நான்கு வகையாகப் பிரித்தார். நம் உலகத்து ஆள் வாயில் ஒன்றைக் கடந்து வேற்றுலகுக்குப் போவது ஒன்று. அந்த உலகிலேயே பிறந்தவர்களோடு தொடக்கத்திலிருந்தே நாமும் மூழ்கியிருப்பது இரண்டாவது. அற்புதம் நம் அன்றாடத்துக்குள் புகுந்து குலைப்பது மூன்றாவது. நடப்பது அற்புதம்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாத விளிம்பில் நிற்பது நான்காவது.

இந்தப் பிரிவு வெறும் ஆய்வுக் கருவி என்று ஒதுக்க வேண்டாம். தேர்வில் இது மிகவும் பயன்படும். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' மூன்றாம் வகை. சென்னைத் தெருவில் இறங்கும் கடவுளோடு காபி குடித்துவிட்டு, அவரிடமே தம் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா சேர்க்கும் மனிதரின் கதை அது. அந்தக் கதையைப் பல முறை ரசித்த ஒருவர், 40 புதிய பெயர்களோடும் வரைபடத்தோடும் தொடங்கும் இரண்டாம் வகை நாவலை எடுத்துத் திணறி, இந்த வகை இலக்கியமே தமக்கு ஒவ்வாது என்று ஒதுங்கிவிடக்கூடும். அவருக்கு ஒவ்வாதது ஒரு நுழைவாயில் மட்டுமே. ஆகவே இதுவரை நீங்கள் மனமொன்றிப் படித்த இரண்டு மூன்று கதைகளை நினைவுகூர்ந்து, அவை எந்த வகை என்று குறித்துக்கொண்டு, முதல் தேர்வை அந்த வகையிலிருந்தே செய்யுங்கள்.

படி 3: விருதுப் பட்டியல்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்த்து வாசியுங்கள்

அட்டையில் 'விருது பெற்றது' என்று இருப்பது போதிய தகவல் ஆகாது. 1953இல் தொடங்கிய ஹ்யூகோ விருதுக்கு உலக அறிவியல் புனைவு மாநாட்டின் உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். அது தீவிர வாசகர்களின் குரல். 1966 முதல் வழங்கப்படும் நெபுலா விருதுக்கு அமெரிக்காவை மையமாகக் கொண்ட எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் வாக்களிப்பதால், சக எழுத்தாளர்கள் மதிக்கும் கைத்திறன் அங்கே எடுபடுகிறது. 1987 முதல் வழங்கப்படும் ஆர்தர் சி. கிளார்க் விருதை நடுவர் குழு தீர்மானிக்கிறது. அதன் முதல் விருது மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலுக்குப் போனது. பொது இலக்கியத்தை விரும்பிப் படித்துவிட்டு அறிவியல் புனைவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கிளார்க் விருதுப் பட்டியலையே. மிகுபுனைவுக்கு 1975 முதல் உலக மிகுபுனைவு விருது இருக்கிறது.

வென்ற நூலைவிட இறுதிச் சுற்றுப் பட்டியல் பெரும்பாலும் பயனுள்ளது. வாக்கெடுப்பில் பலருக்கும் ஓரளவு பிடித்த நூல் முந்திவிடும். உங்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடியது மூன்றாமிடத்தில் இருக்கலாம். விருதுகளும் மனிதர் நடத்துபவையே என்பதை 2023 ஹ்யூகோ நன்றாகவே உணர்த்தியது. செங்டூ நகரில் வழங்கப்பட்ட அந்த ஆண்டின் விருதில், ஏற்கெனவே நெபுலா வென்றிருந்த ஆர். எஃப். குவாங்கின் 'பேபல்' நாவல் காரணம் சொல்லப்படாமல் தகுதியற்றதாக ஒதுக்கப்பட்டது என்பது அடுத்த ஆண்டு ஜனவரியில் வாக்குப் புள்ளிவிவரம் வெளியானபோது தெரியவந்தது. இரண்டு மொழிகளுக்கு இடையே மொழிபெயர்ப்பில் நழுவிப்போகும் பொருளே மந்திர ஆற்றலாகி, அந்த ஆற்றலின்மேல் பிரிட்டிஷ் பேரரசு நிற்கும் உலகம் அந்நாவலுடையது. வீட்டில் ஒரு மொழியும் அலுவலகத்தில் ஒரு மொழியுமாக வாழ்பவர்கள் அதைத் தவறவிடக் கூடாது. ஒரு பட்டியலில் இல்லாமையைக் குறையாகக் கொள்ள வேண்டாம் என்பதற்கு இதுவே போதும்.

அட்டையின் பின்புறத்தில் பிற எழுத்தாளர்கள் சொன்ன புகழ்மொழிகளுக்கு எந்த மதிப்பும் தர வேண்டியதில்லை. வாசகர் மதிப்புரைகளில் நடுத்தர மதிப்பெண் தந்தவர்களின் எழுத்தைத் தேடிப் படியுங்கள். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று பிரித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. 'கதை மெல்ல நகர்கிறது' என்று ஒருவர் குறைசொல்வது உங்களுக்குப் பரிந்துரையாகவே இருக்கக்கூடும்.

படி 4: பக்கம், தொடர்ச்சி, மொழிபெயர்ப்பு

ஹ்யூகோ, நெபுலா இரண்டுமே 40,000 சொற்களுக்கு மேற்பட்டதை நாவல் என்றும், 17,500 முதல் 40,000 வரையுள்ளதைக் குறுநாவல் என்றும் வகுத்துள்ளன. அறிமுகமில்லாத ஆசிரியரைக் குறுநாவல் பிரிவிலிருந்து தொடங்குங்கள். ஒரு வார ரயில் பயணத்தில் முடியும். அவருடைய உலகங்கள் உங்களுக்கு ஏற்றவையா என்பதும் தெரிந்துவிடும்.

தொடர் நாவல் என்றால், அது முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் பனியும் நெருப்பும் ('எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்') தொடரின் முதல் நூல் 1996இல் வந்தது, ஐந்தாவது 2011இல் வந்தது, அதற்குப் பிறகு பல ஆண்டுகளாக ஆறாவதுக்கு வாசகர்கள் காத்திருந்தார்கள். ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' 1990இல் தொடங்கியது. ஆசிரியர் 2007இல் மறைந்த பிறகு பிராண்டன் சாண்டர்சன் அதை எழுதி முடித்தார். மொத்தம் 14 பெரிய நூல்கள். முடியாத தொடரைப் படிக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். முதல் நூல் தன்னளவில் ஒரு முழுமையைத் தருமா என்று விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

மொழிபெயர்ப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. ஸ்டானிஸ்வாவ் லெம் போலந்து மொழியில் 1961இல் எழுதிய 'சொலாரிஸ்' உலகின் மிகச் சிறந்த அறிவியல் புனைவுகளில் ஒன்று. அதன் ஆங்கிலப் பதிப்பு 1970இல் வந்தது. அது மூலத்திலிருந்து செய்யப்பட்டதன்று; பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து செய்யப்பட்டது. போலந்து மொழியிலிருந்து பில் ஜான்ஸ்டன் நேரடியாகச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல்தான் ஒலிநூலாகவும் மின்னூலாகவும் வெளிவந்தது. ஒரே நாவல் பிடித்திருந்ததா என்று இருவர் விவாதிக்கும்போது, அவர்கள் இரண்டு வெவ்வேறு நூல்களைப் படித்திருக்க வாய்ப்பு உண்டு. லியு சிசினின் 'தி த்ரீ-பாடி பிராப்ளம்' நாவலின் சீனப் பதிப்பில் நடுவே வைக்கப்பட்ட பண்பாட்டுப் புரட்சிக் காட்சி, கென் லியுவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் நூலின் தொடக்கத்துக்கு வந்தது; 2015இல் ஹ்யூகோ வென்ற முதல் மொழிபெயர்ப்பு நாவல் அதுவே. எனவே இரவல் எடுக்கும் முன் உள்பக்கத்தில் மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் ஆண்டையும் பாருங்கள்.

படி 5: முதல் 50 பக்கங்களைத் தேர்வாளரைப் போல் வாசியுங்கள்

லிப்பியில் பல மின்னூல்களுக்கு மாதிரிப் பக்கங்கள் உண்டு; நூலகத்தில் என்றால் நாற்காலி ஒன்றைப் பிடித்து அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். அந்த அரைமணியில் கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது, விளக்கம் எப்படி வருகிறது என்பது. இரு பாத்திரங்கள் தமக்கு ஏற்கெனவே தெரிந்த வரலாற்றை நமக்காக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால், ஆசிரியர் தம் உலகத்தை வாழ்ந்து பார்க்கவில்லை, குறிப்பெடுத்து மட்டுமே வைத்திருக்கிறார் என்று பொருள்.

இரண்டாவது, ஆற்றலுக்கு விலை இருக்கிறதா? இரணியன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி புதிதன்று. பகலிலும் இரவிலும், உள்ளேயும் வெளியேயும், மனிதனாலும் விலங்காலும் சாவு கூடாது என்ற வரத்தின் சொற்களிலிருந்தே அந்தி நேரமும் வாசற்படியும் நரசிங்கமும் பிறக்கின்றன. வரத்தின் நிபந்தனையே கதையின் முடிவை உண்டாக்குகிறது. மாறாக, நெருக்கடி வரும்போதெல்லாம் நாயகனுக்குப் புதிதாக ஒரு சக்தி வாய்க்குமானால், அந்த நூலை மூடிவிடலாம். என். கே. ஜெமிசின் 2015இல் எழுதிய 'தி ஃபிஃப்த் சீசன்' நாவலில் பூமியின் அதிர்வை அடக்கும் ஆற்றல் சிலருக்குப் பிறப்பிலேயே உண்டு. உலகைக் காக்கும் அந்த ஆற்றலுக்காகவே அவர்கள் வெறுக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள், உயிரோடு விடப்பட்டவர்கள் பயிற்சி என்ற பெயரில் அடிமைகளாக்கப்படுகிறார்கள். அந்த ஆற்றல் இருந்த குற்றத்துக்காகத் தந்தையால் கொல்லப்பட்ட குழந்தையின் உடலருகே தாய் இருப்பதிலிருந்து அவள் கதை தொடங்குகிறது. அந்தத் தாயை 'நீ' என்று விளித்தே எழுதியிருப்பதால் தொடக்கம் சற்றுக் கடினமாகத் தோன்றும். நூலின் இறுதியில் சொற்களஞ்சியமும் இருக்கிறது. முதல் 50 பக்கங்களில் அந்தக் களஞ்சியத்தைப் புரட்டாமல் வாசியுங்கள். புரியாத சொல் காட்சியிலிருந்தே மெல்லத் தெளிவது நல்ல நாவலின் அடையாளம். இந்தத் தொடரின் மூன்று நூல்களும் 2016 முதல் 2018 வரை அடுத்தடுத்து ஹ்யூகோ வென்றன.

மூன்றாவது, அறிவியல் சரியாக இருக்கிறதா என்பதைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்பட வேண்டாம். மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில் உயிரூட்டும் முறையை விஞ்ஞானி சொல்ல மறுத்துவிடுகிறான். படைத்தவன் தன் படைப்பைக் கைவிட்டால் என்ன நேரும் என்ற கேள்வியே நூல் முழுவதையும் தாங்குகிறது. பொறியியல் துறையில் இருக்கும் நண்பர்கள் பலர் இந்த இடத்தில் என்னோடு வாதிடுவதுண்டு. ஆனாலும் பிழையற்ற சூத்திரங்களும் உயிரற்ற மனிதரும் நிறைந்த நாவலைவிட இதையே நான் தேர்வேன்.

முதல் 50 பக்கங்கள் முடிந்ததும் நூலின் நடுவே ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து வாசியுங்கள். பல நாவல்களின் தொடக்கம் மட்டும் செதுக்கப்பட்டிருக்கும். நடுப்பக்கத்து உரையாடல் அந்த ஆசிரியரின் வழக்கமான தரத்தைக் காட்டிவிடும்.

படி 6: பழைய நூல்

அறிவியல் புனைவில் குறித்த ஆண்டு கடந்துபோனால் நூல் காலாவதியாகிவிட்டது என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' எழுதப்பட்டபோது அக்கதை நிகழும் ஆண்டு எதிர்காலமாக இருந்தது. இன்று நமக்குக் கடந்த காலம். குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டியிருக்கும் நாடு, இரண்டெழுத்துக்குள் சுருக்கப்பட்ட பெயர்கள், மனிதரைவிடத் தெளிவாகச் சிந்திக்கும் ஜீனோ என்ற இயந்திர நாய் ஆகியவை தேதியால் பழசாகவில்லை. கருவிகள் பழசாவதைப் பொருட்படுத்தாதீர்கள். மனிதரைப் பார்க்கும் பார்வை பழசாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 1940, 50களின் புகழ்பெற்ற பல நாவல்களில் பெண்கள் பெயரளவுக்கே வருகிறார்கள். வரலாற்று ஆர்வம் இருந்தால் படிக்கலாம். அவற்றிலிருந்தே தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

படி 7: தமிழிலும் இம்மண்ணிலும் எழுதப்பட்டவை

தமிழில் எழுதப்பட்டது என்பதற்காக அளவுகோலைத் தளர்த்துவது அந்த எழுத்தாளருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அதே கேள்விகளோடு ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பையும் 'விஷ்ணுபுரம்' நாவலையும், கப்ரேகர் மாறிலி என்னும் கணித விந்தையையும் லெமூரியாவையும் இணைத்துச் செல்லும் சுதாகர் கஸ்தூரியின் '6174' நாவலையும் வாசியுங்கள். புதியவர்களின் குரலைக் கேட்க அரூ இணைய இதழின் அறிவியல் சிறுகதைப் போட்டிக் கதைகள் நல்ல இடம். வெளிநாட்டுக் கதை ஒன்றைத் தமிழ்ப் பெயர்களோடு திரும்பச் சொல்லும் கதைகளும் தமிழில் உண்டு. சாத்தனாரின் பாத்திரத்தை நினைவில் வைத்திருப்பவர் அவற்றைச் சில பக்கங்களிலேயே இனங்கண்டுவிடுவார்.

சிங்கப்பூர் எழுத்தாளர்களை இந்த வகையில் நம்மவர்கள் போதிய அளவு படிப்பதில்லை என்பது என் வருத்தம். நூரலியா நோராசிட்டின் 'தி கேட்கீப்பர்' 2016ஆம் ஆண்டின் எபிகிராம் புனைவுப் பரிசை வென்ற நாவல். பார்வையால் மனிதரைக் கல்லாக்கிவிடும் பெண்ணும், நிலத்துக்கடியில் ஒதுங்கி வாழும் சமூகமும் அதன் மையம். வளர்ந்துகொண்டே போகும் நகரத்தில் யாருக்கு இடமுண்டு, யாருக்கு இல்லை என்ற கேள்வியை அது இந்த ஊர்க்காரருக்கு மிக நெருக்கமாகக் கொண்டுவருகிறது. சிங்கப்பூரில் பிறந்த நியான் யாங்கின் 'தி பிளாக் டைட்ஸ் ஆஃப் ஹெவன்' 2017இல் வந்த குறுநாவல். குழந்தைகள் தம் பாலைத் தாமே பின்னர் தேர்ந்துகொள்ளும் உலகம் அது. ஹ்யூகோ, நெபுலா இரண்டிலும் இறுதிச் சுற்றுக்கு வந்தது.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்காகத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், வன்முறையும் பாலியலும் எந்த அளவு இருக்கின்றன என்பதை மதிப்புரைகளில் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. 'தி ஃபிஃப்த் சீசன்' பெரியவர்களுக்கான நூல்.

படி 8: நிறுத்துவதும் தொடர்வதும்

இரவல் எடுத்த நாளிலிருந்து ஏழாம் நாள் ஒரு முடிவு எடுங்கள். அதற்குள் 100 பக்கம் வந்தும், அந்த உலகத்து மனிதர் ஒருவருக்கு அடுத்து என்ன நேரும் என்ற கவலை உங்களுக்கு எழவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மொழி அழகாக இருந்தும் நீங்கள்தான் களைப்பில் இருக்கிறீர்கள் என்று தோன்றினால், தலைப்பைக் குறித்துவைத்து விடுமுறையில் மீண்டும் எடுங்கள். 'சொலாரிஸ்' போன்ற நூல்கள் நெரிசலான ரயிலில் நின்றுகொண்டு படிக்க ஏற்றவை அல்ல.

முடித்த நூலுக்கு, ஆசிரியர் எதை மாற்றினார், அந்த மாற்றம் யாரை அதிகம் பாதித்தது என்று இரண்டே வரி எழுதிவையுங்கள். அந்த இரண்டு வரிகளை எழுத முடியாத நூலின் அடுத்த பாகத்தை முன்பதிவு செய்ய வேண்டாம். எளிதாக எழுத முடிந்தால், அதே ஆசிரியரின் வேறொரு தனி நாவலைத் தேடுங்கள். அது கிளையில் இல்லையென்றால் லிப்பியில் காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டு, முறை வரும்வரை ஒரு குறுநாவலைத் தொடங்குங்கள்.